ஒலி புகாத சிற்றறை

இந்த வானொலி நிலையத்தில் நான் அமர்ந்து பேசும் அறைக்குள் நுழைய இரண்டு கதவுகளைக் கடந்து வந்தேன். முதற் கதவு மூடிய பின்னரே இரண்டாவது கதவு திறந்தது. வெளியே காமராசர் சாலையில் வண்டிகள் ஓயாது ஓடுகின்றன. அதற்கப்பால் கடல் இரைகின்றது. இங்கோ, என் மூச்சின் ஒலியே எனக்குக் கேட்கின்றது. இத்தகைய அமைதி தானாக வாய்ப்பதன்று, அறிந்து கட்டப்படுவது. அதைச் சிறிய அளவில் ஒரு வீட்டிற்குள் கட்ட முயன்றபோது நான் கற்ற பாடத்தையே இன்று மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல வந்துள்ளேன்.

நான் வாழும் ஊர் தாம்பரம். 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து எங்கள் ஊர் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று மீட்டர் பாதை. இன்று அகலப் பாதை. பாதையோடு ஒலியும் அகன்றுவிட்டது எனலாம். ஒருபுறம் ஜி.எஸ்.டி. சாலையின் ஊதொலி, மேலே மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்து வரும் விமானங்கள், வீட்டிற்குள் குக்கரின் சீழ்க்கையும் மிக்ஸியின் இரைச்சலும். காக்கைகளைப் பற்றிக் கூறவே வேண்டுவதில்லை.

என் பழைய மாணவி ஒருத்தி ரயில் பாதைக்கு அருகில் குடியிருக்கிறாள். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களைப் படித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பதைத் தன் கடமையாகக் கொண்டவள். ஒரு நாள் கலங்கிய முகத்தோடு என்னைத் தேடி வந்தாள். “ஐயா, ‘சில்வர் குளோரைடு நீரில் கரையாது’ என்று படித்தேன். அந்த நொடியில் ரயில் ஊதிவிட்டது. ‘கரை’ என்பது மட்டுமே பதிவாகியிருந்தது. ஒரு பையன் அதைக் ‘கரையும்’ என்று கொண்டு, தேர்விலும் அப்படியே எழுதிவிட்டான்” என்றாள்.

நம் மொழியில் உண்டு, இல்லை என்னும் முடிவு பெரும்பாலும் வினைச்சொல்லின் இறுதியில் நிற்கின்றது. அந்த ஓர் அசை மறைந்தால் பொருளே தலைகீழாகிவிடும். கண்ணால் படிப்பவன் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வான். செவியை மட்டுமே நம்பியவன் என் செய்வான்?

“ஓர் அறையின் சுவரெங்கும் முட்டை அட்டைகளையும் ஸ்பாஞ்சுத் தகடுகளையும் ஒட்டிவிடு அம்மா” என்று நான் அறிவுரை கூறினேன். அவளும் அவ்வாறே செய்தாள். அவளது குரலில் இருந்த எதிரொலி அடங்கியது, குரல் மென்மையாயிற்று. ஆனால் ரயிலின் ஊதொலி சிறிதும் குறையவில்லை! பல்லாண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்த நானே இரண்டு வெவ்வேறு செயல்களை ஒன்றெனக் கருதிவிட்டேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ஒலியை உறிஞ்சுதல் வேறு. ஒலியைத் தடுத்தல் வேறு. 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய சொற்பொழிவு மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை. எதிரொலியில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று குழைந்தன. அதை ஆராய்ந்த வாலஸ் சபைன் என்னும் இளம் பேராசிரியர், அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, ஒலி தேய்ந்து மறையும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் மிகுந்தோறும் அந்நேரம் குறைந்தது. மெத்தை உள்ளே எழும் ஒலியை உறிஞ்சுகின்றது. வெளியிலிருந்து வரும் ஒலியை அது தடுப்பதில்லை.

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்ததை எங்கள் பகுதியினர் மறவார். வீட்டினுள் வந்த நீரைக் கோணியால் ஒற்றியெடுப்பது ஒரு வேலை. வாசலில் மணல் மூட்டை அடுக்கித் தடுப்பது மற்றொரு வேலை. ஸ்பாஞ்சு, கோணியைப் போன்றது. எங்களுக்கு வேண்டியதோ மணல் மூட்டை.

தடுப்பதற்கு மூன்று விதிகள் உண்டு. முதலாவது, கனம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. அது சுவரை அசைத்தே அப்பால் செல்லவேண்டும். கனமான சுவர் எளிதில் அசையாது. தடுப்பின் எடையை இரு மடங்காக்கினால், ஊடுருவும் ஒலியாற்றல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். அதாவது 6 டெசிபெல் குறையும். முட்டை அட்டைக்கு எடை ஏது?

இரண்டாவது, இடைவெளி இன்மை. 80 செ.மீ. அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள கதவின் பரப்பு 16,000 சதுர செ.மீ. அதன் அடியில் 2 செ.மீ. சந்து இருந்தால் அதன் பரப்பு 160. நூற்றில் ஒரு பங்கு. கதவு எத்துணைக் கனமாயினும் அந்நூற்றில் ஒரு பங்கு ஒலியாற்றல் நுழைந்தே தீரும். 20 டெசிபெலுக்கு மேல் குறையாது.

மூன்றாவது, தொடர்பு இன்மை. மேசையின் ஒரு முனையில் காதை வைத்து, மறுமுனையை ஒருவர் நகத்தால் கீறக் கேளுங்கள்; திடப்பொருள் ஒலியை எவ்வளவு நன்றாகக் கடத்துகின்றது என்பது விளங்கும். ஆகவே சிற்றறை வீட்டுச் சுவரோடு ஒட்டக்கூடாது.

இவ்விதிகளைக் கொண்டு மறுபடியும் தொடங்கினோம். ரயில் பாதைக்கு எதிர்ப்புறத்தில் இருந்த, சாளரமில்லாத உள்ளறையைத் தேர்ந்தெடுத்தோம். அதனுள் ரப்பர்த் துண்டுகளின்மேல் மரச்சட்டம் நிறுத்தினார் தச்சர். சட்டத்தின் இருபுறமும் ஜிப்சம் பலகையை இரண்டிரண்டு அடுக்காக, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வாராதபடி அறைந்தார். இடையில் பாறைக் கம்பளியை நிரப்பினோம். சந்துகளுக்கெல்லாம் மக்குப் பூசி, கதவைச் சுற்றி ரப்பர்ப் பட்டை பொருத்தினோம். இரவில் விளக்கை உள்ளே ஏற்றி, வெளியே இருளில் நின்று பார்த்தோம். எங்கெல்லாம் ஒளிக்கீற்று தெரிந்ததோ அங்கெல்லாம் ஒலியும் நுழையும் என்று அறிந்து மீண்டும் அடைத்தோம்.

உட்புறம் 1.25 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் நீளம், 2.1 மீட்டர் உயரம். இத்தகைய சிறு பெட்டிக்குள் பேசினால் குடத்துள் பேசுவது போலிருக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கின்றது. அகலத்தின் இரு மடங்கான 2.5 மீட்டரால் அதை வகுத்தால் 140 கிடைக்கும். நொடிக்கு 140 அதிர்வு உள்ள ஒலிக்கு அவ்வறை ஒத்திசைந்து முழங்கும். ஆடவர் குரலின் அடிச்சுருதி இதன் அருகில்தான் இருக்கின்றது. மெல்லிய ஸ்பாஞ்சு இத்தாழ்ந்த ஒலியை உறிஞ்சாது. எனவே உட்சுவரில் 10 செ.மீ. தடிப்புள்ள பாறைக் கம்பளியைத் துணியிட்டு மூடினோம். உறிஞ்சும் பொருளுக்கு உரிய இடம் இதுவே. ஸ்பாஞ்சு விரைவில் தீப்பற்றும். பாறைக் கம்பளி எரியாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஒலி புகாத அறையில் காற்றும் புகாது. இவ்வறையின் கொள்ளளவு ஏறத்தாழ 4,200 லிட்டர். ஒருவர் ஒரு மணி நேரத்தில் 20 லிட்டர் அளவிற்குக் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இருநூற்றில் ஒரு பங்கு! வெளிக்காற்றில் இருப்பதைப்போல் பத்து மடங்கிற்கு மேல். ஆகவே உறிஞ்சும் பொருள் பூசிய, வளைந்து வளைந்து செல்லும் இரு காற்றுவழிகளை அமைத்து, ஒன்றின் வெளிமுனையில் மெதுவாகச் சுழலும் விசிறியை வைத்தோம். ஒலி வளைவுகளில் மோதித் தேயும், காற்று செல்லும். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும். அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்துவிட வேண்டும் என்பது அவளுக்கு நான் இட்ட கட்டளை.

எல்லா ஒலியும் நின்றுவிட்டதா? இல்லை. ஊதொலி மங்கி, படிக்கும் குரலுக்கு அடியில் அமிழ்ந்துவிட்டது. சரக்கு ரயிலின் தாழ்ந்த அதிர்வோ இன்னும் மெல்ல வருகின்றது. தாழ்ந்த ஒலியைத் தடுக்க மேலும் பன்மடங்கு கனம் வேண்டும். எங்கள் பணமும் தளமும் தாங்கா. ஆதலால் அந்நேரத்தில் அவள் படிப்பதை நிறுத்திவிடுகிறாள். ரயில் சென்றபின், வாக்கியத்தை முதலிலிருந்து படிக்கிறாள். செலவில்லாத ஒலித்தடுப்பு பொறுமையே.

முதலில் அவள் மறுபடி பதிவு செய்தது அந்த வேதியியல் பாடத்தைத்தான். அந்தப் பையனுக்கே அதை அனுப்பினாள். நானும் கேட்டேன். ‘கரையாது’ என்னும் சொல் இறுதி எழுத்து வரை தெளிவாக ஒலித்தது. மாணவர்களே, உங்கள் வீட்டிலும் அமைதியான ஒரு மூலை இருக்கக்கூடும். அங்கே அமர்ந்து நீங்கள் படிக்கும் பாடத்தை, கேட்கக் காத்திருக்கும் யாருக்காவது உரக்கப் படித்துக் கொடுங்கள். வாக்கியத்தின் கடைசி அசையையும் விழுங்காமல் படியுங்கள்.