பாயிரமும் புள்ளியும்

சந்தைக்குச் செல்பவன் கத்தரிக்காயின் காம்பைப் பார்த்து வாங்குகிறான். தேங்காயைக் காதருகே பிடித்து ஆட்டிப் பார்த்து வாங்குகிறான். நூலும் நாடகமும் அத்தகைய பண்டங்கள் அல்ல. முற்றும் நுகர்ந்த பின்னரே அவற்றின் தரம் தெரியும். தரம் தெரியும்போது காசு கைமாறியிருக்கும். இந்த இடர்ப்பாட்டிலேதான் திறனாய்வாளன் என்பவன் தோன்றுகிறான். நமக்கு முன்னே உண்டு பார்த்துச் சுவை சொல்பவன் அவன். அவன் சொல்லை நம்பி வாங்கலாமோ என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இதனைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு என் தங்கையின் மகளே காரணம். ஒரு ஞாயிறு மாலை, குண்டசாலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உயர்தர வகுப்பிற் படிக்கும் அவள் வந்து, "மாமா, வெண்பா வாங்கலாமா?" என்றாள். நான் திகைத்துப் போனேன். வெண்பாவை விலைகொடுத்து வாங்குவார் இக்காலத்தில் இல்லை; எழுதி இலவசமாகக் கொடுத்தாலும் கொள்வார் அரியர் என்பது என் அநுபவம். பிறகுதான் தெரிந்தது, அவள் கேட்டது ஒரு வீடியோ கேம் என்று.

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள 'விசை கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனம், அபி என்ற தமிழரின் தலைமையில் ஆக்கி, 2023 யூலை 31ஆம் நாள் வெளியிட்ட விளையாட்டு அது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. தாயின் பெயர் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். தாய்வீட்டிலிருந்து வந்த சமையற் குறிப்பேடு கறைபட்டும் கிழிந்தும் கிடக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்தறிந்து இட்டலியும் புட்டும் சமைத்தலே ஆடுவோரின் வேலை. சிதைந்த ஏட்டிலே விடுபட்ட பாடத்தை ஊகித்தல்! உ. வே. சாமிநாதையரவர்கள் வாழ்நாளெல்லாம் செய்த தொழில் அன்றோ இது? என் காது சற்றே நிமிர்ந்தது. 2024ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் பாப்டா நிறுவனம் அறிமுக ஆக்கத்துக்குரிய விருதை இதற்கு வழங்கியது என்றும் அவள் சொன்னாள்.

விலை 15 டாலர். நம் நாணயத்திற் கணக்கிட்டால் ஏறத்தாழ 4,500 ரூபாய். அயல்வீட்டுச் சிறுவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் அது. ஆகவே இரண்டு மதிப்புரைகளைத் தேடிப் படித்திருந்தாள். ஒருவர் கண்ணீர் மல்கப் புகழ்ந்திருந்தார். மற்றவரோ, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் ஒன்றுக்கு இத்தனை விலையா என்று முகஞ்சுளித்திருந்தார். "இருவரும் கற்றவர்களே. எவரை நம்புவது?" என்று கேட்டாள். உடனே விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு புள்ளியின் விலை

"இருவரையும் விடுங்கள் மாமா. சராசரிப் புள்ளி ஒன்று போடுகிறார்கள். அதைப் பார்த்தாற் போதாதா?" என்பது அவளுடைய அடுத்த வினா. 2001ஆம் ஆண்டு தொடங்கிய 'மெற்றாகிரிட்டிக்' என்னும் இணையத்தளம், திறனாய்வாளர் பலர் இட்ட புள்ளிகளைத் திரட்டி, நூற்றுக்கு இத்தனை என்று ஒரே எண்ணாகத் தருகிறது.

நெடுங்காலம் விடைத்தாள் திருத்திவருபவன் நான். 84க்கும் 85க்கும் இடையேயுள்ள வேறுபாடு யாது? பெரும்பாலும், திருத்துபவன் பகலுணவு உண்டானா இல்லையா என்பதே. ஆயினும் இந்த ஒரு புள்ளி எத்துணை வலியது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2010இல் வெளியான 'ஃபோல்அவுட்: நியூ வேகாஸ்' என்னும் விளையாட்டை ஒப்சிடியன் என்ற நிறுவனம் ஆக்கிக் கொடுத்தது. மெற்றாகிரிட்டிக்கில் 85 புள்ளி வந்தால் மேலதிக ஊக்கத்தொகை என்பது ஏற்பாடு. வந்தது 84. தொகை கிடைக்கவில்லை என்பதை அந்நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ் அவலோன் 2012இல் வெளிப்படுத்தினார். பலர் பல மனநிலையில் இட்ட எண்களின் சராசரி, உழைத்தவரின் ஊதியத்தையே தீர்மானித்துவிட்டது. எண் தவறென்று நான் சொல்லவில்லை. அவ்வெண், 'யாருக்கு, எதற்காக, ஏன்' என்னும் வினாக்களுள் ஒன்றுக்கேனும் விடை சொல்வதில்லை என்கிறேன்.

அவ்வினாக்களுக்கு விடை சொல்வது பாயிரம். பாயிரத்தில் அமையவேண்டியவை இன்னவை என்று நன்னூலார் வகுத்துள்ளார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. இவற்றோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் சேர்த்துக் கூறுவாரும் உண்டு. பதினொன்றுள் ஒன்றேனும் புள்ளி அன்று என்பதை நோக்குக. பரீட்சைக்காக மட்டுமே மாணவர் மனனம் செய்யும் இப்பட்டியல், நூலொன்றை வாங்குவோனுக்கும், விளையாட்டொன்றை வாங்குவோளுக்கும் இன்றும் உதவும் என்பது அன்று மாலைதான் எனக்கே புலப்பட்டது. இவற்றுட் சிலவற்றை மதிப்புரைக்கும் பொருத்திப் பார்ப்போம்.

காலமும் களமும்

போலந்து நாட்டுச் சிடி புரொஜெக்ட் நிறுவனத்தின் 'சைபர்பங்க் 2077' 2020 டிசெம்பர் 10ஆம் நாள் வெளியாயிற்று. அதற்குச் சில நாள் முன்னரே புகழுரைகள் குவிந்துவிட்டன. ஆனால் திறனாய்வாளர்க்கு முன்கூட்டி அளிக்கப்பட்டது வலிமிக்க கணினியில் ஓடும் வடிவம் மட்டுமே. பழைய பிளேஸ்டேஷன் 4 முதலிய பொறிகளில் அது எவ்வாறு ஓடும் என்று பார்க்க அவர்களுக்கு வாய்ப்பில்லை. புகழுரையை நம்பி அப்பொறிகளுக்கு வாங்கியோர் கண்டது, தடுமாறி நின்றுவிடும் ஆட்டத்தையே. ஒரு கிழமைக்குள் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதனை நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாயிற்று. மீண்டும் அது கடையேறியது 2021 யூனில். பின்னர்ப் பல திருத்தங்கள் பெற்று நல்ல பெயரும் ஈட்டிக்கொண்டது.

அத்திறனாய்வாளர்கள் பொய்யுரைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் பார்த்தது ஒன்று. மக்கள் வாங்கியது மற்றொன்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையிலே, அதங்கோட்டாசான் கேட்கத் தொல்காப்பியம் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறும். அன்று அரங்கிற் கேட்ட நூலே வெளியிலும் வழங்கிற்று. இங்கோ அரங்கில் ஒரு நூல், அங்காடியில் வேறொரு நூல்! ஆகவே, மதிப்புரை எழுதியவர் எந்தப் பொறியில், எந்த வடிவத்தை ஆடினார் என்று கேட்கவேண்டும், அது களம். எப்பொழுது எழுதினார் என்று கேட்கவேண்டும், அது காலம். நூல் அச்சேறிய பின் மாறாது. விளையாட்டோ வாங்கிய பின்னும் திருத்தம் பெற்று மாறிக்கொண்டே இருப்பது. பழைய புகழும் பழைய பழியும் ஒருங்கே காலாவதியாதல் கூடும்.

காரணம்

மதிப்புரை எழுதப்பட்ட காரணம் யாது என்பது மூன்றாவது வினா. 'கேம்ஸ்பொட்' என்னும் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்பவர் 2007இல் ஒரு விளையாட்டுக்குப் பத்துக்கு 6 புள்ளி இட்டார். அதே விளையாட்டின் விளம்பரம் அத்தளத்தை நிறைத்திருந்த வேளை அது. சில நாட்களில் அவர் வேலை நீங்கினார். விளம்பரம் தந்தோரின் நெருக்குதலுக்கு அதிற் பங்குண்டு என்பதை 2012இல் அவரே வெளிப்படையாகக் கூறினார். நெற்றிக்கண் காட்டினும் குற்றம் குற்றமே என்று நின்ற நக்கீரர் கதையைச் சுவைத்துச் சொல்லும் நாம், நக்கீரர்க்கு மாதச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று கேட்பதில்லை.

இகழ்ந்தவர் வேலை இழந்தது இவ்வாறாக, புகழ்ந்தவர் பொருள் பெற்றதும் உண்டு. 2014இல் வெளியான 'ஷாடோ ஒஃப் மோர்டோர்' என்ற விளையாட்டைப் பாராட்டி யூடியூப்பில் நிகழ்ச்சி செய்தோர்க்கு வார்னர் பிரதர்ஸ் பணம் கொடுத்ததையும், அச்செய்தி பார்ப்போர்க்குத் தக்கவாறு தெரிவிக்கப்படாததையும் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றமாக எடுத்து, 2016இல் ஓர் இணக்கத்துக்குக் கொண்டுவந்தது.

அங்ஙனமாயின் திறனாய்வாளரை விட்டுப் பொதுமக்கள் கருத்தையே நம்பலாமோ எனின், அங்கும் காரணம் ஆராயவேண்டியதே. 2020 யூனில் 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகம் வெளியான சில மணி நேரத்திலேயே, ஆயிரக்கணக்கானோர் கடும் வசை எழுதினர். அவ்விளையாட்டை முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் வேண்டும்! அடுத்த மாதமே மெற்றாகிரிட்டிக், வெளியான 36 மணி நேரம் கழிந்த பின்னரே பொதுமக்கள் புள்ளியிடலாம் என்று விதி செய்தது. கூலிக்குப் புகழ்வார் சிலரெனில், கோபத்துக்கு இகழ்வார் பலர்.

இதை எழுதும்போது என் கை சற்றே கூசுகிறது. சில ஆண்டுகளின் முன் என் பழைய மாணவர் ஒருவர் தம் கவிதைத் தொகுதிக்கு அணிந்துரை வேண்டினார். பரீட்சைக் காலம். பாதியைப் படித்தேன், மீதியைப் புரட்டினேன், தமிழன்னைக்கு இஃதோர் அணிகலன் என்று எழுதிக் கொடுத்தேன். வெளியீட்டு விழாவும் சிறப்பாக நடந்தது. இரண்டு கிழமை கழித்து, பெருந்தோட்டப் பகுதியிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி அந்நூலைக் கொண்டுவந்தாள். ஒரு பக்கத்தைத் திறந்து, "இந்தப் பாட்டிலே ஐயா கண்ட சிறப்பு எது? எனக்கு விளங்கவில்லை. ஐயா எழுதியிருந்தபடியால்தான் வாங்கினேன்" என்றாள். அந்தப் பக்கத்தை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதிற் சிறப்பென்று ஒன்றும் இல்லை. அப்பிள்ளையின் ஒரு வாரப் பஸ் கூலி என் சொல்லால் வீணாயிற்று.

எனக்கு எவரும் பணம் தரவில்லை. ஆயினும் அன்பும் ஒரு கூலியே. சிறப்புப் பாயிரம் செய்தற்குரியார் யாவரென நன்னூல் வகுக்குமிடத்தும், நூல் செய்தானின் ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன் என்றே கூறும். நால்வரும் நூலோடு உறவுடையவர். அஃது அறிமுகவுரை, தீர்ப்பன்று. அறிமுகத்தைத் தீர்ப்பென்று கொள்ளுதல் வாங்குவோன் பிழை. கொள்ளும்படி எழுதுதல் எழுதுவோன் பிழை. அன்று பிழை என்னுடையதே.

கேட்போர்

நிற்க. இவ்வளவும் சொல்லி, மருமகளின் இரு மதிப்புரைகளையும் மீண்டும் படிக்கச் சொன்னேன். இப்பொழுது அவை ஒன்றோடொன்று முரணவில்லை. விளையாட்டு ஒன்றரை மணி அளவினது என்பதை இருவருமே ஒப்புகின்றனர், அது செய்தி. ஒருவர் குடிபெயர்ந்த பெற்றோரின் பிள்ளை என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். மற்றவர் பல நாள் ஆடித் தீராத பெருவிளையாட்டுகளை விரும்புகிறவர். இவை 'கேட்போர்' இன்னார் என்பதைக் காட்டுகின்றன. செய்தியை இருவரிடமும் கொள்ளலாம். தீர்ப்பை மட்டும், நம்மைப் போன்ற கேட்போன் எவனோ அவனிடம் கேட்கவேண்டும். சாட்சியாக இருவரையும் நம்பு. நீதிபதியாக ஒருவரையும் வைக்காதே என்றேன்.

"குறுகியது என்பது குறையா, மாமா?" என்றாள். அடிக்கு இவ்வளவு என்று விலை பேசுவோன் குறள் வெண்பாவை விட்டுக் கலிவெண்பாவைத்தான் வாங்குவான். அவன் கணக்கு அவனுக்குச் சரி. உன் கணக்கு எது என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டு வேறொரு வழி சொன்னாள். 'ஸ்டீம்' என்னும் இணைய அங்காடியில், 2015 முதல், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிப் பெறலாமாம். "ஒன்றரை மணியில் ஆடி முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால்?" என்றாள். இலையில் இருந்ததையெல்லாம் உண்டுவிட்டு, சோறு வேகவில்லை என்று காசு கேட்பவனை என்னவென்று சொல்வாய் என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வசதி, பொறியில் ஓடாத ஆட்டத்துக்கும் ஏமாற்றிய விளம்பரத்துக்கும் உரியது. கண்டியிலே புத்தகக் கடையில் நின்று பத்துப் பக்கம் படித்துப் பார்க்கலாம். முழுவதையும் நின்றபடியே படித்துவிட்டுக் கைவீசி வருதல் முறையன்று.

ஈற்றில் வாங்கினாள். முதல் ஆட்டம் இட்டலி. குறிப்பேட்டிலே வரி அழிந்திருக்க, இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் செல்லும் என்று கண்டறியவேண்டும். நானும் மருமகளும் ஊகித்துக்கொண்டிருக்க, அடுக்களையிலிருந்து கை துடைத்தபடி வந்த என் தங்கை திரையை ஒருமுறை பார்த்தாள். "குழிக்கு நேரே குழி வரக்கூடாது, மாற்றி அடுக்கு" என்றாள். பிறகு, "இதைச் செய்த பிள்ளைக்கு இட்டலி அவிக்கத் தெரிந்திருக்கிறது" என்று சொல்லிப் போய்விட்டாள். செய்தியும் தீர்ப்பும் காரணமும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தன. கேட்போராகிய எங்களுக்கு அதனினும் நம்பத்தக்க மதிப்புரை கிடைக்கவில்லை.

ஆசிரியன்மாருக்கும் மாணவர்க்கும் நான் சொல்லத்தக்கது இதுவே. மதிப்புரையைப் படியுங்கள்; புள்ளியைக் கடைசியிற் பாருங்கள். காலம், களம், காரணம், கேட்போர் என்னும் நான்கனையும் சொல்லாத மதிப்புரை, எத்துணை அழகிய தமிழில் அமையினும், ஆங்கிலத்தில் அமையினும், விளம்பரத்துக்கு அண்ணன் தம்பியே. நானும் இப்பொழுது அணிந்துரை எழுதினால், எத்தனை பக்கம் படித்தேன், நூலாசிரியர் எனக்கு என்ன உறவு, இந்நூல் யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பவற்றை முதற் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன். அதன் பின் என்னிடம் அணிந்துரை கேட்போர் குறைந்துவிட்டனர். அந்த மாணவியின் முகத்தை மட்டும் இப்பொழுது நேரே பார்க்க முடிகிறது.