கணக்கில் துணை தேடும் கல்லூரி மாணவர்

பள்ளியில் கணக்குப் பாடத்தில் முதன்மையாக நின்ற பிள்ளை, பல்கலைக் கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே அதே பாடத்தில் தவறிவிடுவதுண்டு. பெற்றோர் திகைக்கின்றனர், பிள்ளையோ வாய் திறப்பதில்லை. இத்தகைய மாணவர் உதவிக்கு யாரிடம் செல்கின்றனர், ஏன் செல்லாமலே இருந்துவிடுகின்றனர் என்பதை அறிய, அமெரிக்க நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி பல்கலைக் கழகத்தில், நுண்கணிதம் பொறியியல் முதலிய படிப்புகளுக்கு வாயில் போன்றது. அதில் தவறியவருக்கு அவ்வழி அடைபட்டுவிடும். 1970-களில் ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர் பலர் இவ்வாறு தவறி வந்தனர். காரணம் என்னவென்று ஆசிரியர்களைக் கேட்டால், ஊக்கக் குறைவு, பள்ளிப் பயிற்சிக் குறைவு, குடும்பத்தின் வறுமை என்றெல்லாம் விடை வந்தது. ஆராய்ச்சி மாணவராயிருந்த யூரி டிரைஸ்மன் இவ்விடைகளோடு அமைதியடையவில்லை. அம்மாணவருள் 20 பேரையும், அப்பாடத்தில் நன்கு தேறிவந்த சீன வமிசத்து மாணவர் 20 பேரையும் தேர்ந்து, அவர்கள் படிக்கும் முறையை நேரில் கவனிக்கலானார்.

சீன மாணவர் முதலில் தனித்தனியே படித்தனர், மாலையில் ஒன்றுகூடினர். உணவும் கணக்கும் ஒரே இடத்தில் நடந்தன. ஒருவர் விடையை மற்றொருவர் சரிபார்த்தார். எவருக்கும் விடை வராவிடின், கணக்கே கடினமானது என்பது விளங்கிவிடும். பிறகு ஆசிரியரிடம் சென்று கேட்பதில் வெட்கம் ஏது? மற்ற 20 பேரில் 18 பேர் வகுப்புத் தோழருடன் சேர்ந்து படித்ததே இல்லை. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படிக்கவேண்டும் என்ற விதியைப் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள். தனியே அமர்ந்து தவறியபோது, தவறு தமக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை.

பின்தங்கியோருக்கென உதவி வகுப்புகள் இருந்தன. ஆயினும் தம் பள்ளியில் தலைமாணாக்கராக விளங்கியவர் அங்கு எவ்வாறு நுழைவார்? வகுப்பின் பெயரே கதவை அடைத்துவிட்டது என்று நாம் கருதுகிறோம்.

ஆகவே 1978-இல் டிரைஸ்மன் முயன்ற பயிற்சிக் கூட்டங்களுக்கு வேறு முகம் தரப்பட்டது. திறமையுடையோருக்கானவை என்று கூறியே மாணவரை அழைத்தனர். சிறு குழுக்களாக அமர்த்திக் கடினமான கணக்குகளைக் கொடுத்தனர். நடத்துபவர் விடையைச் சொல்லிவிடுவதில்லை. சுற்றி வந்து, தயங்கும் இடத்தில் ஒரு குறிப்புத் தருவார். அங்குப் பயின்ற ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர், கூட்டங்களில் சேராத வெள்ளையரையும் ஆசிய வமிசத்தினரையும் விட நன்கு தேறினர். 1988-இல் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் பல்கலைக் கழகத்திலும் இம்முறை தொடங்கப்பெற்றது.

இதனைப் பின்பற்ற விரும்புவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். நால்வரை வெறுமனே ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தினால், ஒருவர் கணக்கிட, மூவர் பார்த்துக்கொண்டிருப்பர். நால்வரையும் பேசவைப்பது கணக்கின் தன்மையே. ஒருவரால் எளிதில் முடியாததும், எல்லோரும் கைவைக்கக் கூடியதுமான கணக்குகளைத் தேர்ந்தெடுப்பதே இக்கூட்டங்களின் உயிர்நிலையாக இருந்தது.