கையெழுத்து எங்கே போடணும்?

போடியில் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். ஏலக்காய்க் கடை, எண்ணெய் மில், இப்போது புதிதாக முளைத்திருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று பலருடைய பேரேடும் என் மேசைக்கு வரும். பேரேட்டைவிட மினிட்ஸ் புத்தகத்தைத்தான் நான் ஆசையாகப் புரட்டுவேன்.

ஒரு நிறுவனத்தின் புத்தகம், பெயர் வேண்டாம். அதில் ஜனவரி மாதத்தில் ஓர் இயக்குநர் குழுக் கூட்டம் பதிவாகியிருந்தது. தேதியைப் பார்த்தால் மாட்டுப் பொங்கல். ஒன்பது டைரக்டர்களும் ஆஜர். ஒன்பது கையெழுத்தும் ஒரே நீல மை. தீர்மானங்கள் எல்லாம் 'ஏகமனதாக'. மாட்டுப் பொங்கலன்று ஒன்பது சம்சாரிகளை ஓர் அறையில் உட்கார வைத்தவர் இந்த வட்டாரத்தில் இருந்தால் அவருக்கு மாலை போடலாம். விசாரித்தால், வருஷக் கடைசியில் நாலு கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதி முடித்திருக்கிறார்கள். வடை, காபி, அமர்வுப் படி. "அண்ணே, எங்கே போடணும்?" என்பதைத் தவிர அன்று வேறு கேள்வி எழவில்லை.

கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. சட்டத்துக்கோ நிறுவன விதிகளுக்கோ மாறான தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டு, அதனால் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு நஷ்டம் வந்தால், அந்த டைரக்டர்கள்தான் கூட்டாகவும் தனித்தனியாகவும் ஈடுகட்ட வேண்டும். கம்பெனிச் சட்டத்தில் இந்த வகை நிறுவனங்களுக்கென்று 2002 முதலே தனி ஏற்பாடு இருக்கிறது. ஐந்து முதல் பதினைந்து டைரக்டர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டமாவது கட்டாயம், ஏழு நாள் முன்னதாக நோட்டீஸ். பங்கு எத்தனை இருந்தாலும் விவசாயிக்கு ஒரே ஓட்டு. முழுநேர நிர்வாகியாக, உறுப்பினர் அல்லாத ஒருவரை நியமிக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியின் சூட்சுமம் பலருக்குப் பிடிபடுவதில்லை. நிர்வாகி நடத்துவார், போர்டு கண்காணிக்கும். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். எட்டு மில்லிமீட்டர் ஏலக்காயைச் சரியாகச் சலித்தார்களா, ஜீப் வாடகை ஏன் ஏறியது என்று மேனேஜரோடு மல்லுக்கட்டுவார்கள். கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டார்கள்.

எதைக் கேட்க வேண்டும்? 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. 2018 வெள்ளம் தோட்டங்களை அழித்து, பின்னாலேயே வறட்சியும் வந்ததில் காய் இல்லை. அந்த நாளில் போடியில் மூட்டையை விற்காமல் வைத்திருந்தவன்தான் கெட்டிக்காரன். ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் சராசரி விலை ஆயிரத்தை ஒட்டி இறங்கிவிட்டது. சொந்தச் சரக்கை வைத்துச் சூதாடுவது அவரவர் இஷ்டம். ஐந்நூறு விவசாயிகளின் சரக்கை வைத்திருக்கும் நிறுவனம் அப்படிச் செய்யலாமா? எத்தனை கிலோவுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது, எந்த விலைக்குக் கீழே வந்தால் விற்றே தீர வேண்டும், அதுவரை வட்டி யார் தலையில் என்பதையெல்லாம் பறிப்பு தொடங்கும் முன்னரே உட்கார்ந்து எழுதி வைப்பதுதான் போர்டின் வேலை. எழுதிய பிறகு எந்த ஏலத்துக்கு எத்தனை மூட்டை அனுப்புவது என்பதை மேனேஜரிடம் விட்டுவிட வேண்டும்.

போர்டு கவனிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. போடிமெட்டு ஏறி, பூப்பாறை, தேவிகுளம் தாண்டினால் மூணாறு. 2005இல் டாடா டீ அங்கே தன் தேயிலைத் தோட்டங்களைக் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதிய கம்பெனிக்கு மாற்றியது. 12,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதில் பங்குதாரர் ஆனார்கள். பெரும்பகுதிப் பங்கு அவர்களிடம். தொழிலாளியே முதலாளி என்று உலகமெல்லாம் பேசினார்கள்.

பத்து வருஷம் கழித்து, 2015 செப்டம்பரில், அதே பங்குதாரர்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள். லாபம் குறைந்துவிட்டதாகச் சொல்லி 10 சதவீத போனஸ் அறிவித்திருந்தது கம்பெனி. முந்தைய வருஷம் 19. தொழிற்சங்கத் தலைவர்களை அந்தப் பெண்கள் கிட்டே சேர்க்கவே இல்லை. லிசி சன்னி, கோமதி போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது. ஒன்பதாம் நாள் 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீதக் கருணைத்தொகை, ஆக 20 சதவீதம் என்று முடிவானது.

கம்பெனிமீது கோபப்படலாம், பெண்களை மெச்சலாம். கணக்கு எழுதுகிறவனுக்கு வேறொன்று உறுத்துகிறது. தன் கம்பெனிக்கு எதிராகத் தானே சாலைமறியல் செய்கிற நிலை ஒரு பங்குதாரருக்கு எப்படி வந்தது? தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நடப்பது போர்டு அறைக்குத் தெரிய இருந்த முக்கியமான வழி தொழிற்சங்கம். அந்த வழி எப்போதோ அடைபட்டுவிட்டதை மேலே யாரும் கவனிக்கவில்லை என்பது என் கணிப்பு. பங்குப் பத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் ஒருவர் முதலாளி ஆகிவிடுவதில்லை. லாபம் ஏன் விழுந்தது என்பதை அவருக்குப் புரிகிற மாதிரி, அவர் நம்புகிற ஆள் சொல்ல வேண்டும். அந்தப் பங்குதாரர் சொல்வதும் மேலே போய்ச் சேர வேண்டும்.

படித்தவர்கள் போர்டில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் போர்டில் படிப்புக்குக் குறைவில்லை. வாராக்கடன் ஏறிக்கொண்டே போனது. 2020 செப்டம்பர் 25 அன்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஏழு டைரக்டர்களை ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். தைரியமான காரியம்தான், ஆனால் காலம் கடந்திருந்தது. நவம்பர் 27 அன்று வங்கி டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட்காரர்கள் தப்பித்தார்கள். பங்குகளுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை.

'ஏகமனதாக' என்பதைப் பெருமையாக எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்தாலே சந்தேகம். வருஷம் முழுக்க ஒருவர்கூட மாற்றுக் கருத்துச் சொல்லாத போர்டு, ஒன்று தூங்குகிறது, இல்லை யாருக்கோ பயப்படுகிறது. என்னிடம் வரும் நிறுவனங்களில் உருப்படியாக நடப்பது ஒன்றில், தேவாரம் பக்கத்து அம்மா ஒருவர் டைரக்டர். எட்டாவதுதான் படித்திருக்கிறார். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிற கேள்வி ஒன்றே: "தம்பி, நமக்கு யாரு எவ்வளவு தரணும், எத்தனை நாளாச்சு?" மேனேஜருக்கு அவரைக் கண்டால் வியர்க்கும். அந்த நிறுவனத்துக்கு வர வேண்டிய பாக்கி நிலுவையில் நிற்பதில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு நிறுவனம் இருக்கும், அதில் உங்களுக்குப் பங்கும் இருக்கலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அவசியம் போங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்து, போர்டு இந்த வருஷம் எத்தனை முறை கூடியது, யார் யார் வந்தார்கள், வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். உங்களையே டைரக்டராக நிற்கச் சொன்னால், கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால் காகிதம் கைக்கு வரும் என்று உறுதி வாங்கிக்கொண்டு சம்மதியுங்கள்.