உயிர் பிழைத்தோரின் உடல்வலுவை அளத்தல்

கொடிய நோயினின்றும் ஒருவன் மீண்டான் எனின், அவன் உயிரோடிருக்கின்றான் என்பதே பொருளாக நெடுங்காலம் கொள்ளப்பட்டது. 1952ஆம் ஆண்டிற் கொப்பன்கேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, இப்சன் என்னும் மயக்கமருந்து வைத்தியரின் யோசனைப்படி, நோயாளரின் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இறப்பர்ப் பையை இரவு பகலாகக் கையால் அமுக்கி மூச்சளித்தனர் வைத்திய மாணவர். தீவிர சிகிச்சைப் பிரிவு தோன்றிய வரலாறு அதுவே எனலாம். பிழைத்தோர் எத்தனை பேர் என்பதே அப்பிரிவின் வெற்றிக்கு அளவாயிற்று. பிழைத்தவர் எவ்வாறு வாழ்கின்றார் என்னும் வினா பிந்தியே எழுந்தது.

அவ்வினாவுக்கு எண்ணால் விடை கூறிய ஆராய்ச்சிகளுள், கனடாவின் ரொறன்ரோ நகரில் மார்கரெட் ஹெரிஜ் என்னும் பெண் வைத்தியரும் குழுவினரும் செய்து 2003இல் வெளியிட்டது தலையாயது. கடுஞ் சுவாச நோயினின்றும் தப்பிய 109 பேரை அவர்கள் தொடர்ந்து அவதானித்தனர். அந்நோயாளரின் இடைய வயது 45, முதியோரல்லர். தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு நீங்கும்போதே அவர்கள் தம் உடல்நிறையில் 18 வீதத்தை இழந்திருந்தனர்.

நோய் நுரையீரலைத் தாக்கியதாதலின், குறையும் அங்கேயே நிற்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆயின் நுரையீரல் ஓராண்டிற்குள் ஏறக்குறையப் பழைய நிலையை அடைந்தது. உண்மையை வெளிப்படுத்தியது மிக எளியதொரு சோதனை: ஆறு நிமிட நடை. 30 மீற்றர் நீளமான சமதளத் தாழ்வாரத்தில் நோயாளர் இயன்றவரை நடப்பர். நின்று இளைப்பாறலாம், கடிகாரம் நில்லாது. ஊக்குவிக்கும் சொற்களும் முன்னரே வரையறுக்கப்பட்டவை. ஊக்கினால் நடை நீளுமாதலின், சோதிப்பவரின் இரக்கமும் அளவைப் பிழையாக்கவல்லது! ரொறன்ரோவில் நடந்த தூரத்தின் இடையம் மூன்றாம் மாதத்தில் 281 மீற்றர், ஓராண்டில் 422. அது அவர்தம் வயது முதலியவற்றுக்கு எதிர்பார்க்கப்படுவதில் 66 வீதமே. ஐந்தாண்டு கழிந்தும் அது 436 மீற்றரையே எட்டியது. குறை பெரும்பாலும் தசையில் இருந்தது.

தசையைப் படுக்கையிலேயே சோதிக்கும் முறையும் உண்டு. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் அசைவுகளுக்கு இருபுறமும் 0 முதல் 5 வரை புள்ளியிடுவர். மொத்தம் 60, 48இற்குக் குறையின் வலுவிழப்பு என்பர். நோயாளர் விழித்திருந்து சொல்வதை விளங்கிக் கொண்டாலன்றி இது பயன்படாது. மேலும், வலுவிற் பெரிதும் வேறுபட்ட இருவர் 4 என்னும் ஒரே புள்ளியைப் பெறுதலுங் கூடும்.

இவற்றினும் பெரியதோர் இடர்ப்பாடுண்டு. எதிர்பார்க்கப்படும் தூரம் என்பது நலமுடைய பிறரை அளந்து பெற்றது. நோயுற்றவர் முன்னர் எவ்வளவு நடந்தார் என்பதை எவரும் அளந்து வைப்பதில்லை. முன்பே தளர்ந்திருந்தவரின் தளர்ச்சியும் நோயின் கணக்கில் ஏறிவிடும். சோதனைக்கு வர இயலாத அளவுக்கு மெலிந்தோர் கணக்கினின்றும் விடுபடின், எஞ்சியோரின் சராசரி உண்மையினும் நன்றாகத் தோன்றும். எனினும் அளவாமல் விடுதல் இதனினும் தீது. நுரையீரல் நன்றென்று அறிவிக்கப்பட்டவர் படியேற இயலாது நிற்பின், சுற்றத்தார் அதனைச் சோம்பல் எனக் கொள்ளுதல் எளிது. ரொறன்ரோவில் ஓராண்டின் பின் தொழிலுக்கு மீண்டிருந்தோர் ஏறக்குறையப் பாதிப்பேரே.