ஏரி நாட்டுக்குப் பஸ்ஸில்

ஆங்கிலம் கற்ற நம் வீட்டுப் பிள்ளைகளில், மஞ்சள் நிற டாபொடில் மலர்களைப் பற்றி வேர்ட்ஸ்வொர்த் பாடிய பாட்டை நெட்டுருப் போடாமல் தப்பியவர் மிகச் சிலரே. பாடம் சொல்லிக் கொடுத்த உபாத்தியாயரும் அம்மலரைக் கண்டதில்லை. ஒப்பித்த மாணவனும் கண்டதில்லை. கவி அவற்றைக் கண்டது 1802-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி, இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் அல்ஸ்வாட்டர் என்னும் ஏரியின் கரையில். அன்று அவருடன் தங்கை டாரதியும் நடந்தாள். தன் தினக்குறிப்பில் அம்மலர்களை வெகு அழகாக வர்ணித்தும் வைத்தாள். 1807-ல் அச்சான பாட்டில் மட்டும் தங்கையைக் காணோம்!

அந்தக் கரையோரமாக இன்று 508-ம் நம்பர் பஸ் போகிறது. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து செல்லும் ரெயில் பாதையில் பென்ரித் ஸ்டேஷனில் இறங்கி அதில் ஏறினால், ஏரியை ஒட்டியே பாட்டர்டேல் கிராமம் வரையில் போகலாம். மலர் வேண்டுபவர் வசந்தத்தின் தொடக்கத்தில் போகவேண்டும். தவறினால் புல்லைத்தான் பார்க்கலாம். ஆனால் நாம் எழுத வந்தது மலரைப் பற்றியன்று. சொந்த மோட்டார் இல்லாத ஒரு மனிதர், பஸ் டிக்கட்டும் ஒரு சர்வே படமும் வைத்துக்கொண்டு, பிறருடைய நிலத்தின் மேல் தலை நிமிர்ந்து நடந்து வரக்கூடிய ஒரு பிரதேசத்தைப் பற்றியே சொல்லப் போகிறோம். அதற்கு ஏரி நாடு என்று பெயர்.

மலைகள் பிரமாதமான உயரம் அல்ல. இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காபெல் பைக் இங்கேதான் இருக்கிறது. அதன் உயரம் 978 மீட்டர். பள்ளத்தாக்குகளில் ஏரிகள், சரிவுகளில் சுண்ணாம்பின்றிக் கல்லைக் கல்லின் மேல் அடுக்கிய சுவர்கள், சுவருக்கு அப்பால் ஆடுகள். சுவரின் குறுக்கே ஏறி இறங்கப் படி அமைத்து, பக்கத்தில் 'பொதுநடைபாதை' என்று கைகாட்டி மரமும் நட்டிருக்கிறார்கள். வயல் ஒருவருடையதாக இருக்கலாம். அதன் மேல் செல்லும் பாதை எல்லோருடையதும். இருபது வருஷம் ஜனங்கள் தடையின்றி ஒரு வழியில் நடந்து வந்திருந்தால், அது பொதுவழி என்று சட்டம் அநுமானிக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய பாதைகள் மொத்தம் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன.

இந்த உரிமையைப் பிரபுக்கள் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடவில்லை. கெஸ்விக் என்னும் ஊருக்கு மேலே லாட்ரிக் என்று 368 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்று. 1887-ல் நிலத்துக்காரர்கள் அதற்கு ஏறும் வழியை அடைத்துவிட்டார்கள். அவ்வருஷம் அக்டோபரில் இரண்டாயிரம் பேர் அளவில் திரண்டு, தடைகளைக் கடந்து உச்சிக்கு நடந்தார்கள். வழக்கு நடந்து, 1888-ல் உச்சிக்குச் செல்லும் ஒரு பாதை ஜனங்களுக்குக் கிடைத்தது. இந்தக் கிளர்ச்சியில் சேர்ந்திருந்த ரான்ஸ்லி பாதிரியார்தாம், பிற்பாடு 1895-ல் அழகிய நிலங்களைப் பொதுவுக்காக வாங்கிக் காக்கும் 'நேஷனல் டிரஸ்ட்' சங்கத்தை நிறுவிய மூவரில் ஒருவர். ஒன்றை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. லாட்ரிக்கில் பாதைக்காக ஆங்கிலேயர் போராடியதற்கு ஐந்தே வருஷம் முன்பு, 1882-ல், சென்னை மாகாணத்துக்குக் காட்டுச் சட்டம் ஒன்றை அவர்களுடைய சர்க்கார் இயற்றியிருந்தது. தலைமுறை தலைமுறையாக ஆடு மாடு மேய்த்த காடுகளில் நம் கிராமத்தாரின் பாத்தியதை அச்சட்டத்தால் எவ்வளவு சுருங்கிற்று என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 1949-ல் வந்த சட்டம், பாதைகளையெல்லாம் படத்தில் குறிக்கும்படி ஜில்லா சபைகளுக்கு உத்தரவிட்டது. 1951-ல் ஏரி நாடு தேசியப் பூங்காவாயிற்று. 2000-ம் வருஷத்துச் சட்டம் பாதையை விட்டு விலகியும் திறந்த மலைவெளிகளில் நடக்க அநுமதி தந்தது.

இனிப் பஸ்ஸுக்கு வருவோம். பஸ்களில் ராஜா 555. கெண்டல், விண்டர்மியர், ஆம்பிள்ஸைட், கிராஸ்மியர் வழியாகக் கெஸ்விக் வரையில் போகிறது. மாடியில் முன் ஆசனம் கிடைத்தால், சுவர்களுக்கு மேலாக ஏரிகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். காரில் போகும் தனவானுக்கு அந்தக் காட்சி இல்லை. விண்டர்மியர் ரெயில் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ஆரெஸ்ட் ஹெட் என்ற 238 மீட்டர் மேட்டுக்குப் பாதை தொடங்குகிறது. அந்த ரெயில் அங்கே வரக்கூடாதென்று 1844-ல் பத்திரிகைக்குக் காகிதம் எழுதிச் சண்டையிட்டவர் வேறு யாருமல்லர், நம் வேர்ட்ஸ்வொர்த்தேதான். ஆலைத் தொழிலாளர்கள் கூட்டமாக வந்து என்ன ரஸித்துவிடப் போகிறார்கள் என்பது அவர் எண்ணம். ஆயினும் 1847-ல் ரெயில் வந்தது.

1930-ல் பிளாக்பர்ன் என்னும் பஞ்சாலை ஊரிலிருந்து இருபத்துமூன்று வயதுக் குமாஸ்தா ஒருவர் வந்து, இந்த மேட்டில் ஏறி, எதிரே விரிந்த மலைகளைக் கண்டு மெய்ம்மறந்தார். அவர் பெயர் ஆல்பிரட் வெயின்ரைட். கெண்டல் நகரசபைக் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பெற்று 1941-ல் அங்கேயே குடியேறினார். கார் ஓட்டத் தெரியாது. ஓய்வு நாட்களில் பஸ் ஏறிப் போய், நடந்து, பஸ் பிடித்துத் திரும்புவார். இப்படி 214 சிகரங்களையும் ஏறி, படம் வரைந்து, அச்செழுத்தின் உதவியின்றித் தம் கையெழுத்திலேயே பக்கங்களை அமைத்து, 1955 முதல் 1966 வரையில் ஏழு புத்தகங்களாக வெளியிட்டார். கவி எந்த வகுப்பாருக்கு ரஸனை போதாதென்று நினைத்தாரோ, அந்த வகுப்பிலே பிறந்த ஒருவர்தாம் ஏரி நாட்டை ஏழு புத்தகங்களில் எழுதி வைத்தார்.

ரைடல் கிராமத்தில் இறங்கிக் கிராஸ்மியருக்கு நடக்கும் வழி, குழந்தைகளையும் அழைத்துச் செல்லத் தக்கது. பெயர்தான் பயங்கரம்: 'சவப்பெட்டிப் பாதை'. ஆம்பிள்ஸைடில் இடுகாடு இல்லாத பழங்காலத்தில், பிரேதத்தைக் கிராஸ்மியர் கோயிலுக்குத் தூக்கிப் போன வழி. பெட்டியை இறக்கி இளைப்பாறத் தட்டையான ஒரு பெருங்கல் வழியில் இன்னும் கிடக்கிறது. நம் சாலையோரத்துச் சுமைதாங்கியைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

காரில் வருபவர் மாலையில் காரிடமே திரும்பியாக வேண்டும். கயிற்றில் கட்டிய கன்றைப் போல வட்டமிட்டே நடக்கிறார். பஸ்காரருக்கு அந்தக் கட்டு இல்லை. கிராஸ்மியரில் 555-ஐ விட்டு இறங்கி, கிரிஸ்டேல் கணவாயைக் கடந்து, மறுபக்கத்துப் பாட்டர்டேலில் 508-ஐப் பிடிக்கலாம். சுமார் 13 கிலோமீட்டர், நல்ல ஏற்றம். கணவாய்க்கு அப்பால் சிறு குளத்தருகில், வேர்ட்ஸ்வொர்த் 1800-ல் தம்பி ஜானுக்கு விடை கொடுத்த இடத்தில் ஒரு கல் இருக்கிறது. ஜான் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் தலைவர். 1805 பிப்ரவரியில், வங்காளத்துக்கும் சீனத்துக்கும் புறப்பட்ட அவருடைய கப்பல் இங்கிலாந்தின் தென்கரை அருகிலேயே முழுகிற்று, அவரும் மாண்டார். அந்த யாத்திரையில் கவியும் தங்கையும் பணம் போட்டிருந்தார்கள். தனிமையான அந்த மலைக் கணவாயும், நம் தேசத்தைச் சுரண்டிய வியாபாரத்தோடு ஒரு நூலால் பிணைக்கப்பட்டிருந்தது என்பதை அந்தக் கல்லருகில் நிற்கும்போது நினைக்காமல் இருக்க முடியாது.

இவ்வளவு சுகத்திலும் ஒரு கவலை உண்டு. பாதையை ஒருவரும் மிதிக்காவிட்டாலும் அது சட்டப்படி பாதையே. எளிதில் அழிக்க முடியாது. பஸ்ஸுக்கு அந்தக் காப்பு இல்லை. சபையில் ஒரு தீர்மானம் போதும். 1986-ல் லண்டனுக்கு வெளியே பஸ் தொழில் தனியார் போட்டிக்கு விடப்பட்டது. 2014-ல் கம்பிரியா ஜில்லா சபை, சிக்கனத்தைக் காரணம் காட்டி, லாபமில்லாத வழிகளுக்கு அளித்து வந்த மானியத்தை நிறுத்திற்று. உல்லாசப் பிரயாணிகள் நிறைந்த 555 பிழைத்தது. மூலைக் கிராமங்கள் தவித்தன. கார் ஓட்ட முடியாத கிழவருக்கு வைத்தியரிடம் போகும் வழி அடைபட்டால், வாசலில் ஆயிரம் நடைபாதை இருந்தும் என்ன பயன்? 2023 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு பிரயாணத்துக்கு 2 பவுனுக்கு மேல் வாங்கக்கூடாதென்று சர்க்கார் ஏற்பாடு செய்தது. 2025-ல் அதை 3 பவுனாக உயர்த்திற்று. கட்டணம் குறைந்தது நல்லதே. ஆனால் வராத பஸ்ஸுக்கு டிக்கட் எவ்வளவு மலிவாயிருந்தும் ஏறிவிட முடியாது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் ஓடும் பஸ்கள் பல குளிர்காலத்தில் குறையும். சில அறவே நிற்கும். ஆகையால் புதிய கால அட்டவணையைப் பார்க்காமல் புறப்பட வேண்டாம். காலைப் பஸ்ஸில் தூரத்துக்குப் போய், தங்கும் ஊரை நோக்கித் திரும்பி நடப்பது உத்தமம். கெஸ்விக்கில் தங்குபவர் 78-ல் சீட்டோலர் வரை சென்று, டெர்வென்ட்வாட்டர் ஏரியின் மேலைக் கரையோரமாக நடந்து வரலாம். 1902-ல் ஜனங்களின் சந்தாப் பணத்தால் நேஷனல் டிரஸ்ட் வாங்கிய பிராண்டில்ஹோ வனம் வழியில் இருக்கிறது. சீட்டோலருக்குப் பக்கத்திலுள்ள ஸீத்வெயிட்தான் இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களில் மிக அதிக மழை பெறுவது. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். குடை அந்தக் காற்றுக்கு நிற்காது. மழைக்கோட்டுக் கொண்டு போவதே நலம்.