நீடித்த வேளாண்மையில் ஊர்க்குழுக்கள்: தமிழக ஏரிப் பாசனத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

சிங்கப்பூரின் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது இறக்குமதியாவதே. தேக்கா சந்தையில் அடுக்கப்பட்டிருக்கும் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை. லிட்டில் இந்தியாவின் பஃபலோ சாலையும், எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லைத் தாங்கிய கெர்பாவ் சாலையும் அங்கு முன்னர் நடைபெற்ற கால்நடைத் தொழிலைப் பெயரளவில் நினைவூட்டுகின்றன. இத்தகைய நகரில் பயிலும் மாணவருக்கு மடை, கலிங்கு, வண்டல் என்பன அகராதிச் சொற்களாகவே நிற்கின்றன. இவற்றை விளக்க முற்படும் நாம், தமிழர் வேளாண்மை ஊர் ஒற்றுமையால் செழித்தது என்று பொதுப்படக் கூறி அமைந்துவிடுவது உண்டு. அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் அது முழு உண்மையன்று.

இன்றைய விளைச்சலுக்காக நாளைய நீரையும் மண்ணையும் விதையையும் அழித்துவிடாத உழவே நீடித்த வேளாண்மை எனப்படுகிறது. அதனைப் பேணுவதில் ஊர்க்குழுக்கள் எவ்வாறு பயன்பட்டன, ஏன் தளர்ந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏரியும் கூட்டு உழைப்பும்

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. தென்மாவட்டங்களில் இவை கண்மாய் எனப்படும். ஏரியைத் தனியொருவர் காத்தல் இயலாது. கரை உடைந்தால் அனைவர் பயிரும் அழியும். வரத்துக்கால் தூர்ந்தால் அனைவர் வயலும் காயும். ஆகவே கரையை உயர்த்துதல், வரத்துக்காலைத் தூர்வாருதல், மதகைச் செப்பனிடுதல் ஆகியன கூட்டு உழைப்பாலேயே நடைபெற்றன. கோடையில் ஏரியின் வண்டலை வெட்டி வயலில் இடுவது வழக்கம். இவ்வொரு செயலால் ஏரியின் கொள்ளளவும் மண்ணின் வளமும் ஒருங்கே கூடின என்பது நோக்கத்தக்கது.

நீரைப் பங்கிடும் பொறுப்பு நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் எனப் பல பெயர்களால் அழைக்கப்பட்ட பணியாளரிடம் இருந்தது. மதகைத் திறப்பதும் மூடுவதும், நீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவதும் அவர் கடமை. அறுவடையின்போது வயலுடையோர் அவருக்கு நெல்லைக் கூலியாக அளந்தனர். பல ஊர்களில் இப்பணியைச் செய்தோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். நீர் முழுவதும் அவர்கள் கையால் பாய்ந்தது. ஆனால் நீர் பற்றிய முடிவுகள் நிலமுடையோர் கூடிய இடத்திலேயே எடுக்கப்பட்டன.

உத்தரமேரூர் கூறும் இரு செய்திகள்

முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களைக் குறிக்கின்றன. உறுப்பினர் குடவோலை முறையில் 360 நாள்களுக்குத் தெரிவு செய்யப்பட்டனர். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். பொதுச்சொத்தைக் காப்போர் கணக்குக் காட்டவேண்டும் என்னும் நெறி அன்றே வகுக்கப்பட்டமைக்கு இது தக்க சான்று.

அதே கல்வெட்டுகள் மற்றொரு செய்தியையும் தருகின்றன. உறுப்பினராவதற்குக் குறித்த அளவு வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டப்பட்டன. உத்தரமேரூர் ஒரு பிரமதேய ஊர். எனவே அங்குச் சேற்றில் இறங்கி உழைத்தோர்க்கு வாரியத்தில் இடமில்லை. முதற்செய்தியை மட்டும் கற்பித்து இரண்டாவதை விட்டுவிடுவது வரலாற்றைப் பாதியாகக் கூறுவதாகும்.

குடிமராமத்தின் தளர்ச்சி

குடிமக்கள் கூடிச் செய்த செப்பனிடும் பணி குடிமராமத்து எனப்பட்டது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இவ்வழக்கத்தைத் தண்டனைக்குரிய கடமையாக்கியது. வருவாய் அரசைச் சேர, உழைப்பு மட்டும் ஊரின் பொறுப்பாக எஞ்சியது. விடுதலைக்குப் பின் மின்விசைக் கிணறுகள் பெருகின. 1960களின் தொடக்கத்தில் மாநிலப் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் ஏரிகளைச் சார்ந்திருந்தது. பின்னர் அப்பங்கு பெரிதும் சுருங்கி, கிணற்றுப் பாசனமே முதன்மை பெற்றது. சொந்தக் கிணறுடையவர் ஏரி வேலைக்கு வரும் தேவையை இழந்தார். ஏரியை நம்பியிருந்த சிறு உழவர் வலுவிழந்த குழுவோடு நின்றனர்.

சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட தம் நூலில், இப்பாசன அமைப்புகள் அதிகாரத்தோடும் சாதி மதிப்போடும் பின்னிக் கிடந்தவை என நிறுவினார். குழு தளர்ந்ததற்குப் புறக்காரணங்களோடு இவ்வகக் காரணமும் உண்டு எனலாம். உரிமையின்றிக் கடமை மட்டும் சுமந்தோர், வேறு பிழைப்பு கிடைத்தபோது விலகிச் சென்றதில் வியப்பில்லை.

அண்மைக்கால முயற்சிகள்

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் வயலகம் திட்டம், ஏரிப் பாசன உழவர் சங்கங்களைச் சிறுசேமிப்புக் குழுக்களோடு இணைத்துச் செயற்படுகிறது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, செலவில் 10 விழுக்காட்டை ஆயக்கட்டு உழவர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என வகுத்தது.

தெலங்கானா மாநிலத்தின் ஜஹீராபாத் பகுதி இவற்றினின்றும் வேறுபட்ட ஒரு சான்றைத் தருகிறது. 1983இல் தொடங்கப்பட்ட தக்காண வளர்ச்சிக் கழகத்தின் ஊர்ச் சங்கங்களில் பெரும்பான்மையோர் தலித் பெண்கள். தினை, சோளம், துவரை முதலியவற்றைக் கலந்து விதைத்து, விதைகளைத் தாமே சேமித்து, தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். 2008இல் சமூக வானொலி ஒன்றையும் தொடங்கினர். 2019இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு இக்கழகத்திற்குக் கிடைத்தது. இங்கு உழைப்போரே முடிவெடுப்போராகவும் இருத்தல் கருதத்தக்கது.

பொதுவளங்களை ஆராய்ந்து 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், விதிகளுக்கு உட்படுவோர் அவற்றை வகுப்பதிலும் பங்கேற்றல் நிலைபேற்றுக்குரிய நெறிகளுள் ஒன்று என 1990இல் எழுதினார். உத்தரமேரூரில் கணக்கு இருந்தது; இப்பங்கேற்பு இல்லை. ஜஹீராபாத்தில் அது உள்ளது.

முடிவுரை

சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின்வழி இன்று 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் உள்ளன. வீடமைப்புப் பேட்டையில் குடியிருப்பாளர் குழு வளர்க்கும் கீரைப் பாத்தியை ஓர் ஊரின் வாழ்வாதாரத்தோடு ஒப்பிட முடியாது. எனினும் தண்ணீர் ஊற்றுவது யார், பறித்ததைப் பகிர்வது எவ்வாறு, முடிவெடுப்பது யார் என்னும் வினாக்கள் இரண்டிற்கும் பொது. மாணவர் தம் பேட்டைத் தோட்டத்தில் இவ்வினாக்களைக் கேட்டு விடை கண்டபின் ஏரிப் பாடத்திற்கு வருவாராயின், மடையும் கலிங்கும் அவருக்கு வெறும் சொற்களாக இரா.

குழு இருப்பதனால் மட்டும் வேளாண்மை நீடிப்பதில்லை. உழைப்பவருக்கு அக்குழுவில் குரல் இருக்கும் அளவுக்கே அது நீடிக்கிறது. தமிழர் நீர் மேலாண்மையைப் பெருமிதத்தோடு கற்பிக்கும் நாம், மதகு திறந்த கைகளையும் அப்பாடத்தில் சேர்த்தல் கடன்.