கார்த்திகையில் கல்லா, சித்திரையில் உழைப்பு

கார்த்திகை தீபம் நெருங்கினால் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்குப் பெட்டிகள் லோடு லோடாகக் கிளம்பும். “இந்த மாசம் கல்லா கட்டிடுவாங்க” என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். கட்டுபவர் யார் என்பதுதான் கேள்வி.

இந்தத் தொழிலுக்கு அடித்தளம் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் உண்டு. அதோடு குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் பொடிகளைச் சேர்த்துக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் தடிமனாகப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, பச்சைப் பொருளை எடுத்து, பிசிறு சீவிக் காயவைக்க வேண்டும். ஈரம் முழுசாகப் போகாமல் சூளையில் ஏற்றினால் வெடித்துவிடும். 1,200 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெந்து வந்த பிறகும் விரிசல், வளைசல் பார்த்துக் கழிக்க வேண்டும். கழிந்தது அத்தனையும் நஷ்டம். மண்ணுக்கும் எரிபொருளுக்கும் கொடுத்த காசு திரும்பாது.

சிக்கலே காயவைப்பதில்தான். விளக்கு அதிகம் கேட்கப்படுவது ஐப்பசி, கார்த்திகையில். கடலூர் மாவட்டத்தில் அடைமழை கொட்டுவதும் அப்போதுதான், ஊற்றியது காயாது. சித்திரை வெயிலிலேயே செய்து, அடுக்கிவைத்து, ஆறேழு மாதம் காத்திருக்க முடிந்தவருக்குத்தான் சீசன் விலை. அதற்குக் குடோன் வேண்டும், கையில் முதல் வேண்டும். இரண்டும் இல்லாத சின்னப் பட்டறைக்காரர் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கோ சீசன் விலையில் பங்கே இல்லை.

முன்பு வீட்டுக்கு வீடு பீங்கான் பியூஸ் கட்டை இருந்தது. இந்தப் பட்டறைகளுக்கு அது வருஷம் முழுக்க ஓடும் சரக்கு. அதற்குப் பதிலாக எம்.சி.பி. சுவிட்ச் வந்து அந்த வியாபாரத்தைக் குறைத்துவிட்டது. பண்டிகைச் சரக்கை நம்பும் நிலை அதனால் கூடியது. பக்கத்துக் கம்மாபுரம் ஒன்றியத்தில் விவசாயிக்கும் இதே கதைதான்: அறுத்த கையோடு நெல்லை விற்றாக வேண்டியவர், இருப்பு வைப்பவரின் லாபத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நெல்லுக்காவது கிடங்கு ரசீதைக் காட்டிக் கடன் வாங்க வழி இருக்கிறது. தொழிற்பேட்டையிலும் ஒரு பொதுக் கிடங்கு கட்டி, இருப்புச் சரக்கின் மேல் வங்கி கடன் கொடுத்தால், சித்திரையில் வியர்வை சிந்தியவரும் கார்த்திகையில் கல்லா கட்டலாம்.